யாரும் மறுக்கவில்லை

ஜூன் 7, சனி

இன்று முதல் எனக்கு ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. அக்கா போகும் பகல்நேர மையத்தில் அடுத்த மாதம் ஒரு மாலை நிகழ்ச்சி. அதைத் திட்டமிடும் கூட்டத்துக்குச் சனிக்கிழமைதோறும் நான் வந்து உதவ வேண்டும் என்று மையத்தை நடத்தும் மெர்லின் அக்கா கேட்டார்கள். "பதினொண்ணாங்கிளாஸ் பிள்ள, நல்லா வாசிக்கா, நாலு பேர் முன்னால பேசுதா" என்று அப்பாவிடம் சொன்னார்களாம். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

பின்னாளில் வாசிக்கும்போது புரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். என் அக்கா பெயர் விண்ணரசி. வயது இருபத்தாறு. அவளுக்கு ஆட்டிசம். காலையில் தோசையா இட்லியா என்று கேட்டால், தட்டைக் கழுவி வைத்த பிறகு "இட்லி" என்பாள். அதனால் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

போன ஆண்டுவரை மையத்தின் விழாவைப் பெற்றோர்களும் நன்கொடைக்காரர்களும்தான் முடிவு செய்தார்கள். ஜிகினா உடுப்பு, குழு நடனம், சிறப்பு விருந்தினர், பொன்னாடை. அக்கா ஒவ்வோர் ஆண்டும் மேடை நடுவில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். இந்த முறை மெர்லின் அக்கா, "விழா அவங்களுக்கு. முடிவும் அவங்களே பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

குழுவில் மூன்று பேர். அக்கா. இசக்கிமுத்து அண்ணன், நாற்பது வயதிருக்கும், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பால்துரை அண்ணன், பேச்சு கிடையாது, சொல்ல நினைப்பதைக் கைப்பேசியில் படமாகக் காட்டுவார்.

மெர்லின் அக்கா ஒரு விதி வைத்தார்கள். "இன்னிக்குக் கேள்வி மட்டுந்தான். எங்க வைக்கணும், யாரைக் கூப்பிடணும், என்ன செய்யணும். பதில் அடுத்த சனிக்கிழமை. இன்னிக்கு யாரும் சொல்லக் கூடாது."

"எனக்கு இப்பவே தெரியும்" என்றார் இசக்கிமுத்து அண்ணன்.

"தெரிஞ்சா வாயில போட்டு மென்னுக்கிட்டு இரிங்க."

கூட்டம் முடியும்வரை அவர் உண்மையாகவே மென்றுகொண்டிருந்தார்.

ஜூன் 9, திங்கள்

சனிக்கிழமை எங்கே போனாய் என்று என் வகுப்புத் தோழி பெனிஷா கேட்டாள். கம்ப்யூட்டர் வகுப்பு என்றேன். மையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கத்தான் செய்கிறது.

ஜூன் 14, சனி

பதில்கள் வந்தன. இப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பால்துரை அண்ணன் காட்டிய படம் கடற்கரைப் பூங்கா. மாலை நேரம், விளக்குக் கம்பம், நடைபாதை ஓரத்து பெஞ்சு. கைப்பேசியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டி, எல்லோரும் பார்த்த பிறகுதான் கீழே வைத்தார்.

இசக்கிமுத்து அண்ணன் ஒரு வாரமாக மென்றதைத் துப்பினார். "டீ. நாம டீ போட்டு ஊருக்குக் குடுக்கணும். எப்பவும் யாராவது பொறந்தநாளுன்னு வாராவ, கேக்க நம்ம வாயில திணிக்காவ, போட்டோ பிடிக்காவ, போயிருதாவ. யாரு பொறந்தநாளுன்னே நமக்குத் தெரியாது. ஒரு நாளாவது நாம குடுப்போம், அவிய குடிக்கட்டும்."

"யாருக்கு அண்ணாச்சி?" என்றார்கள் மெர்லின் அக்கா.

"அந்தப் பக்கமா யாரு நடந்து போறாவளோ அவியளுக்கு. பேரு கேக்கக் கூடாது. போட்டோவும் பிடிக்கக் கூடாது. நாம என்ன அவியள மாதிரியா?"

மெர்லின் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக அக்கா. சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "மைக் வேண்டாம். கைதட்ட வேண்டாம். ஸ்டீல் டம்ளர். பேப்பர் கப்பு உதட்டுல ஒட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "டீய நான் குடுப்பேன். கையில குடுக்க மாட்டேன். மேசையில வைப்பேன். அவங்க எடுத்துக்கணும்."

அக்கா தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பள்ளியில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அதில் இல்லாத ஏதோ ஒன்று இன்று அந்த அறையில் இருந்தது.

ஜூலை 5, மாலை ஐந்தரை என்று முடிவானது.

பூங்கா என்பதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காற்று அதிகம். கழிவறை தூரம். மழை வந்தால் ஒதுங்க இடமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டியூஷன் முடிந்து எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். அது எங்கள் வழக்கம். சனிக்கிழமைகளிலும் பெனிஷா கூட்டம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றோம். ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொண்டு, விரலை ஆட்டிக்கொண்டு போனார். மதுமிதா எழுந்து அவர் பின்னால் நாலடி அதே மாதிரி நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

நிகழ்ச்சிக்கு வேறு இடம் பார்ப்பது நல்லது. பாதுகாப்பையும் நினைக்க வேண்டும் அல்லவா.

ஜூன் 21, சனி

மெர்லின் அக்காவின் அம்மாவுக்கு நாகர்கோவிலில் கண் அறுவை சிகிச்சை. அவர்கள் ஊருக்குப் போயிருப்பதால் கூட்டத்தை நடத்தும் வேலை எனக்கு வந்தது. முந்தின நாளே பேச வேண்டியதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் மாதா கோயிலின் பங்கு மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். மின்விசிறி உண்டு, கழிவறை உண்டு, கேட் உண்டு, மழைக்குப் பயமில்லை.

இசக்கிமுத்து அண்ணன், "மண்டபத்துக்குள்ள ஊரு நடந்து போகாதே" என்றார்.

"நாம அழைப்பு குடுத்து வர வைப்போம்ண்ணே."

"அழைச்சு வந்தா அது கல்யாணம்லா?"

நான் சிரித்துவிட்டுக் கேட்டேன். "மண்டபம் வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. இசக்கிமுத்து அண்ணன் கை பாதிவரை வந்து தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்துரை அண்ணன் பூங்காப் படத்தைத் திரும்ப எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். நல்ல படம்ண்ணே என்று சொன்னேன்.

"யாரும் மறுக்கல. அப்போ மண்டபந்தான்."

மெர்லின் அக்காவின் விதியை நான் மறக்கவில்லை. நாள் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து பங்குத் தந்தையிடம் மண்டபம் கேட்டேன். மிகவும் மகிழ்ந்தார். இளைஞர் குழுவைக் கூப்பிட்டு எல்லா வேலையையும் ஒப்படைத்தார். மேடை, மைக், பிரியாணி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி சிறப்பு விருந்தினர். எதற்கும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு ஆசையாகச் செய்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? பேனருக்கு ஒரு நல்ல வாசகம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.

சாப்பிடும்போது அப்பா, பூங்கா என்றார்களே, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். மழை வரலாம் என்றேன்.

"தூத்துக்குடியில ஜூலையில மழையா? உப்பளத்துல போய்ச் சொல்லு, விழுந்து விழுந்து சிரிப்பானுவ."

அம்மா சிரித்தாள். நானும்.

ஜூன் 24, செவ்வாய்

கொடியில் துணி காயப்போடும்போது அக்கா, "பூங்கா" என்றாள்.

எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று எனக்குத் தெரிந்தது. "அது முடிஞ்சு போச்சுக்கா" என்றேன். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். வெயில் கடுமை.

ஜூன் 28, சனி

வரவேற்புரையைக் குழுவிடம் வாசித்துக் காட்டினேன். "தேவதைகளைப் போன்ற இந்தச் சிறப்புக் குழந்தைகள்" என்று வந்ததும் இசக்கிமுத்து அண்ணன் நிறுத்தினார்.

"யாரு குழந்த?"

"நீங்க எல்லாரும்தான்ண்ணே. அன்பாச் சொல்றது."

"காலையில சவரம் பண்ணும்போது கன்னத்துல வெட்டிட்டேன். இங்க பாரு. எந்தக் குழந்தைக்கு பிளேடு குடுத்துருக்காவ?"

அந்த வரியை அடித்துவிட்டேன். பேனருக்குக் கொடுத்ததும் அதே சொல்தான். அது அச்சாகிவிட்டிருக்கும். அவரிடம் சொல்லவில்லை.

மெர்லின் அக்கா நாகர்கோவிலிலிருந்து போன் செய்தார்கள். "மண்டபமாமே? எல்லாருக்கும் சம்மதமா?"

"ஆமாக்கா. கேட்டேன்."

"பதிலுக்கு ஒரு வாரம் விட்டா கேட்ட?"

சிக்னல் சரியில்லாததுபோல் அலோ, அலோ என்றேன்.

ஜூலை 5, சனி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

மண்டப வாசலில் பேனர். சிறப்புக் குழந்தைகளின் சங்கமம். இசக்கிமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, வீட்டிலிருந்து புது வடிகட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பேனரை வாசித்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

டீ சமையல்காரர்களிடமிருந்து பேப்பர் கப்பில் வந்தது. அண்ணன் எழுந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இளைஞர் குழுவில் ஒருவர் தோளைத் தொட்டு, "நீங்க உக்காருங்கண்ணே, இன்னிக்கு நாங்க உங்களுக்குத் தரணும்" என்று உட்கார வைத்தார். அன்பாகத்தான் செய்தார். அண்ணன் வடிகட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் வரவேற்புரைக்கு நல்ல கைதட்டல். அக்கா முதல் வரிசையில் காதைப் பொத்தியிருந்தாள்.

பிறகு பொன்னாடை. குழுவில் இருந்தவர்களுக்கு மரியாதையாம். சிறப்பு விருந்தினர் அக்காவின் பின்னால் வந்து, அவள் பார்ப்பதற்குள் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். அக்கா கத்தினாள். துணியை இழுத்தாள், சரிகை ஊக்கில் மாட்டிக்கொண்டது, நாற்காலியோடு விழுந்தாள். மைக் கீச்சென்று கத்தியது. யாரோ கூட்டத்தில் சிரித்தார்கள். "பாவம்" என்று அந்த அதிகாரி சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

நான் மேடையில் நின்றேன். இறங்கி ஓடியிருக்க வேண்டும். பெனிஷாவோ மற்றவர்களோ வந்திருக்கிறார்களா என்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் அக்காவை வெளியே கூட்டிப்போனாள். நான் போனபோது அக்கா சுற்றுச்சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மெர்லின் அக்கா அப்போதுதான் பேருந்து நிலையத்திலிருந்து பையோடு வந்து இறங்கியிருந்தார்கள். பேனரைப் பார்த்தார்கள். மேடையைப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் யாரு முடிவு பண்ணது?"

"எல்லாரும்தான்க்கா. கேட்டேன். யாரும் மறுக்கல."

"விண்ணரசி, நீ மண்டபம் கேட்டியா?"

அக்கா பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடங்களில் அவள் கேட்டவுடன் பதில் சொன்னதில்லை. அதை நம்பித்தான் அவள் பக்கத்திலேயே நின்று அப்படிச் சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்

வேன் வந்தது. அக்கா ஏறவில்லை. ஓட்டுநர் ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

வேதியியல் தேர்வு. பரவாயில்லை. அக்கா இன்றும் போகவில்லை.

ஜூலை 10, வியாழன்

அம்மா சமையலறையில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "வீட்ட விட்டா அவளுக்கு அந்த ஒரு எடந்தான் இருந்துச்சு. அதுவும் போச்சுன்னா நான் அவள எங்க கொண்டு போவேன்?"

அப்பா, மேடையும் மைக்கும் அவளுக்கு ஆகாது என்று தெரிந்தும் யார்தான் அப்படி ஏற்பாடு செய்தார்களோ என்றார். நான் அடுத்த அறையில் இயற்பியலைத் திறந்து வைத்திருந்தேன்.

அக்கா பின்கட்டில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். வரவேற்புரைக்கு எத்தனை நல்ல சொற்கள் கிடைத்தன. இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"மழைக்காக இல்லக்கா. பூங்காவுக்கு என் கிளாஸ் பிள்ளைங்க வருவாங்க. உன்னைப் பாத்துரக் கூடாதுன்னுதான் மாத்துனேன்."

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். உள்ளி முடிந்ததும் எழுந்து போய்க் கை கழுவினாள்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றாள்.

"என்னைப் பாத்தா என்ன ஆகும்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன். வகுப்பு, கேலி, மதுமிதா என்று தனித்தனியாகச் சொற்கள் வந்தன. சேர்த்தால் எதுவும் ஆகவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

பேருந்தில் யோசித்தேன். மூன்று பாடவேளை யோசித்தேன். ஒன்றுமே ஆகாது. எனக்கு மட்டும் ஏதோ ஆகும்.

ஜூலை 12, சனி

காலையில் அக்காவிடம், "ஒண்ணும் ஆகாது" என்றேன். "அப்போ ஏன்?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் மையத்துக்குப் போய்க் குழுவிடம் எல்லாம் சொல்லப் போகிறேன் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு இறங்குகிறாள். அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழுவின் முன் நின்று சொன்னேன். பக்கத்தில் அக்கா. மழையும் கழிவறையும் பொய். பதில் வருமுன் முடிவு எடுத்தது தெரிந்தே செய்தது. போனில் சிக்னல் நன்றாகவே இருந்தது.

இசக்கிமுத்து அண்ணன் சிரிப்பதுபோல் ஆரம்பித்தார். "அப்போ நான் குழந்தையும் இல்ல, விருந்தாளியும் இல்ல. வீட்டுக்கு ஆள் வரும்போது கட்டிலுக்கடியில தள்ளுத சாமான்." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நான் அந்த வடிகட்டிய மூணு கடை ஏறி வாங்குனேன், பிள்ள."

பால்துரை அண்ணன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். எனக்கு எதையும் காட்டவில்லை.

மெர்லின் அக்கா, "போன்ல நீ அலோ அலோன்னு கத்தும்போதே நான் பஸ் ஏறியிருக்கணும். என் தப்பும் இருக்கு" என்றார்கள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ கொஞ்சம் வெளிய இரு. இது குழுவோட கூட்டம்."

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சு கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. ஒரு முறை எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றியா, வேறு எதற்கா, தெரியவில்லை.

மறுபடியும் பூங்கா. அடுத்த சனிக்கிழமை. நான் குழுவில் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

மெர்லின் அக்கா போனில்: "ஒன்னைய என்ன செய்யலாம்னு போன வாரம் கேட்டுட்டு வந்தேன். இன்னிக்குப் பதில் வந்திருக்கு. மூணு பேருக்கும் ஒரே பதில்."

"என்னக்கா?"

"ஸ்டீல் டம்ளர் கழுவ ஆள் இல்லையாம். பேசத் தெரிஞ்ச ஆள் வேண்டாமாம்."

ஜூலை 19, சனி

ஆடிக் காற்று. பூங்காவில் நிற்க முடியவில்லை. அடுப்பு இரண்டு முறை அணைந்தது. பால்துரை அண்ணன் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து அடுப்பைச் சுற்றி நிறுத்தி, அது விழாமல் தன் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு மாலை முழுக்க அங்கேயே நின்றார். இசக்கிமுத்து அண்ணன் வடிகட்டினார். அக்கா டம்ளரை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் யாரும் வரவில்லை. டீ சும்மா கொடுக்கிறார்கள் என்றால் ஊருக்குச் சந்தேகம். எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டார். "டீக் கட்சி" என்றார் அண்ணன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். "யாருக்கும் இல்ல. குடிங்க. போட்டோ பிடிக்க மாட்டோம், பயப்படாதிய." அந்த அம்மா குடித்துவிட்டுத் தன் கூட்டத்தையே கூட்டிவந்தார். கைப்பேசியை எடுத்த ஒருவரை அண்ணன் தடுத்தார். மைக் இல்லை. யாரும் கைதட்டவில்லை.

நான் மேசைக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்து இரண்டு வாளியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். சுடிதாரெல்லாம் ஈரம்.

அவர்கள் வரும் நேரம் எனக்குத் தெரியும். வந்தார்கள். பெனிஷா, மதுமிதா, இன்னும் இரண்டு பேர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனைக்குப் பிறகும் முதலில் தலை குனியத்தான் வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பெனிஷா டீயை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஒங்க அக்காதான?"

"ம்."

"எட்டாங்கிளாஸ்லேர்ந்தே தெரியும்ட்டி. ஒருநாள் ஒங்க அம்மாகூட ஆஸ்பத்திரியில பாத்தேன், முகம் அப்படியே ஒன் முகம். நீ சொல்லல, நாங்களும் கேக்கல."

"நாங்களும்னா?"

"எல்லாருக்கும்தான் தெரியும். நீ அன்னைக்கு மதுமிதா கூத்தடிச்சப்போ சிரிச்சபெறகு, எங்களுக்கு ஒன்கிட்ட என்ன பேசன்னே தெரியல." அவள் டீயை ஊதினாள். "மதுமிதா அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி அழுதா. நீ இருந்தத மறந்துட்டாளாம். நீ சிரிச்சதுதான் அவளுக்குப் பெரிய இதாப் போச்சு."

என் கையில் டம்ளரும் நாரும் அப்படியே இருந்தன. நான் ஒளித்ததை எல்லோரும் சேர்ந்து எனக்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக. கம்ப்யூட்டர் வகுப்பு எப்படிப் போகிறது என்று பெனிஷா வாரா வாரம் கேட்பாள்; நானும் வாரா வாரம் சொல்வேன்.

மதுமிதா தூரத்தில் நின்று டீ குடித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. அவள் செய்தது தப்பு. சிரித்த நான் அதை எப்படிச் சொல்வேன்?

அப்போது அக்கா வந்தாள். ஒரு டம்ளரை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இதுல அடியில பால் இருக்கு. திரும்பக் கழுவு."

நல்ல சத்தமாகச் சொன்னாள். பெனிஷா, மதுமிதா, நடைப்பயிற்சி அம்மா, எல்லோருக்கும் கேட்டது. இசக்கிமுத்து அண்ணன் திரும்பிப் பார்த்து, "சம்பளத்துல பிடிச்சிருவோம், பிள்ள" என்றார்.

கழுவினேன். அக்கா வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திரும்ப என்னிடமே கொடுத்தாள். நாரை அடிவரை விட்டு மறுபடி தேய்த்து, புது வாளித் தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். மறுபடி வெளிச்சத்தில் பார்த்தாள். அதில் டீ ஊற்றி, மேசையில் அடுத்த ஆளுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.